மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், முதலில் மாத்திரை அட்டையை எடுங்கள்

மாதவிலக்கு நின்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். திடீர் வேர்வை, தூக்கமில்லாத ராத்திரி என்று அவதிப்பட்டு, டாக்டர் எழுதித் தந்த ஹார்மோன் மாத்திரையை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் உள்ளாடையில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கறை.

வீட்டில் இதற்கு இரண்டு விதமான பதில் கிடைக்கும். "உடம்பு சூடு, வெந்தயம் ஊறவச்சுக் குடி, சரியாப் போயிடும்" என்பது ஒன்று. "நின்ன அப்புறம் பட்டா அது கேன்சர்தான்" என்று பயந்துபோய் அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போடுவது இன்னொன்று. முதலாவது மாதக்கணக்கில் நாளைக் கடத்திவிடும். இரண்டாவது தடயத்தைக் கலைத்துவிடும். ஏனென்றால் ஹார்மோனைச் சட்டென்று நிறுத்தினால், அந்த நிறுத்தத்தாலேயே சில நாளில் ரத்தம் படலாம். முதலில் பட்டது எதனால், பிறகு பட்டது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டிய முதல் வேலை எளியது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஜெல், கிரீம் எதுவானாலும் அதையும், ஒரு காலண்டரையும் எடுத்து மேஜை மேல் வையுங்கள். "எவ்வளவு பட்டது?" என்ற கேள்வியைவிட "என்ன முறையில், எத்தனை மாதமாக, எப்படி எடுக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் முக்கியம். அதற்கான பதில் அந்த மேஜையில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். ஹார்மோன் எதுவும் எடுக்காத பெண்ணுக்கு, கடைசி மாதவிலக்கு வந்து பன்னிரண்டு மாதம் கடந்த பிறகு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே பரிசோதனை வேண்டும். அங்கே காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. 2018இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் வந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இப்படிப் பட்டிருந்தது. மறுபக்கம், பட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான் புற்றுநோய் இருந்தது. ஹார்மோன் எடுப்பவர்களிடம் அந்த விகிதம் இன்னும் குறைவு, ஏனென்றால் அவர்களுக்கு ரத்தம் பட வேறு காரணங்கள் நிறைய. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஹெச்.ஆர்.டி., அதாவது ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை, என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு மருந்து இருக்கிறது. வேர்வையையும் எலும்புத் தேய்வையும் தடுப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனால் அது கர்ப்பப்பையின் உட்சவ்வை உரம் போட்டதுபோல வளர்க்கும். அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே இரண்டாவது மருந்தான புரோஜெஸ்டோஜன். புரோஜெஸ்ட்ரோன் அதில் ஒரு வகை. அறுபது எழுபதுகளில் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். 1975 டிசம்பரில் உட்சவ்வுப் புற்றுநோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் காட்டும் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்த பிறகுதான் புரோஜெஸ்டோஜன் கட்டாயம் ஆயிற்று. பின்னால் தொண்ணூறுகளில் நடந்த 'பெப்பி' ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு மூன்று வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தபோது 62 சதவீதம் பேருக்கு உட்சவ்வு ஏதோ ஒரு வகையில் அளவுமீறி வளர்ந்திருந்தது. கூடவே புரோஜெஸ்டோஜன் எடுத்தவர்களுக்கு அது அநேகமாக இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "எனக்கு அந்த ராத்திரி மாத்திரை ஒத்துக்கலை, தலை சுத்துது, அதை மட்டும் விட்டுட்டேன்" என்று சொல்லும் பெண்கள் ஏராளம். தூக்கம் வருவது, வயிறு உப்புவது, எரிச்சல் வருவது எல்லாம் புரோஜெஸ்ட்ரோனால்தான். தொந்தரவு தருவது அது, சுகம் தருவது ஈஸ்ட்ரோஜன். அதனால் கைவிடப்படுவது எப்போதும் புரோஜெஸ்ட்ரோன்தான். கர்ப்பப்பை இருக்கும் பெண் அதை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்தால், 1975இல் கற்றுக்கொண்ட பாடத்தைத் தன் உடம்பில் மறுபடி நடத்திப் பார்க்கிறாள் என்றுதான் அர்த்தம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு புரோஜெஸ்டோஜன் இருக்கிறது, வேறு வழியில் எடுக்கலாம். விடுவதற்கு மட்டும் இடமில்லை.

எந்த முறை, எந்த நாள்

கொடுக்கும் முறை இரண்டு. மாதவிலக்கு இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்கும் நின்று ஒரு வருடம் ஆகாதவர்களுக்கும் சுழற்சி முறை: ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டோஜன் மாதத்தில் 12 முதல் 14 நாள். இதில் மாதாமாதம் ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். புரோஜெஸ்டோஜனின் கடைசி நாட்களிலோ, நிறுத்திய சில நாளிலோ வரும். அந்தக் கணக்கு மாதாமாதம் ஒரே மாதிரி இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வராவிட்டாலும் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. சவ்வு மெல்லியதாக இருக்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது நாள் தவறி வருவதை: புரோஜெஸ்டோஜன் பாதியில் இருக்கும்போதே வந்துவிடுவது, வெறும் ஈஸ்ட்ரோஜன் நாட்களில் வருவது, வரவர அதிகமாவது.

நின்று ஒரு வருடம் கடந்தவர்களுக்குத் தொடர் முறை: இரண்டும் தினமும், இடைவெளி இல்லாமல். இதில் நாளடைவில் ரத்தமே வராமல் போவதுதான் நோக்கம். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் அங்கங்கே படுவது மிக சாதாரணம். இதை மருந்து எழுதும்போதே ஒரு வரி சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் பயம் தவிர்ந்துவிடும். பல இடங்களில் அந்த ஒரு வரிக்குத்தான் நேரமில்லாமல் போகிறது. மருந்தையோ அளவையோ மாற்றினாலும் அடுத்த மூன்று மாதம் இதேபோல் படலாம். இரண்டு ஹார்மோனின் வேலையையும் ஒரே மாத்திரையில் செய்யும் டிபோலோன் 2.5 மில்லிகிராமும் தொடர் முறை போலத்தான். நின்று ஒரு வருடம் ஆவதற்குள் அதை ஆரம்பித்தால் கண்டபடி படும்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. 47 வயது, கடைசி மாதவிலக்கு ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தது. "அதான் நின்னுபோச்சே" என்று தொடர் முறையை ஆரம்பித்துவிடுகிறார்கள். சினைப்பை இன்னும் அவ்வப்போது விழித்துக்கொள்ளும் வயது அது. அதன் ஹார்மோனும் மாத்திரையின் ஹார்மோனும் ஒன்றோடொன்று மோத, ரத்தம் கணக்கில்லாமல் படுகிறது. இதற்குத் தீர்வு சுழற்சி முறைக்கு மாறுவது. பிறகு, சுழற்சி முறையிலேயே நிரந்தரமாக இருந்துவிடவும் கூடாது. ஐந்து வருடத்துக்குள் தொடர் முறைக்கு மாறிவிட வேண்டும். வருடக்கணக்கில் சுழற்சி முறையில் இருந்தால் உட்சவ்வுக்கான ஆபத்து மெல்ல ஏறும். தொடர் முறையில் அது ஹார்மோனே எடுக்காதவர்களைவிடக் குறைவு என்பதை 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட 'டபிள்யூ.ஹெச்.ஐ.' என்ற பெரிய அமெரிக்க ஹார்மோன் ஆய்வே காட்டியிருக்கிறது.

அளவு பொருந்துகிறதா

அடுத்து அட்டையில் இருக்கும் எண்கள். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் புரோஜெஸ்டோஜனும் ஏற வேண்டும் என்பதுதான் விதி. 1 மில்லிகிராம் எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன்) மாத்திரை, தோலில் ஒட்டும் 25 மைக்ரோகிராம் பேட்ச், பம்ப் ஜெல் ஒரு அழுத்து, இவை குறைந்த அளவு. 2 மில்லிகிராம், 50 மைக்ரோகிராம், இரண்டு அழுத்து என்பது நடுத்தரம். 100 மைக்ரோகிராம் பேட்ச், நான்கு அழுத்து என்பது அதிகம். நடுத்தரம் வரை, மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்ரோன் (ராத்திரி எடுக்கும் கேப்சூல்) தொடர் முறையில் தினம் 100 மில்லிகிராம், சுழற்சி முறையில் 12–14 நாள் 200 மில்லிகிராம் போதும். ஈஸ்ட்ரோஜன் அதிக அளவுக்குப் போனால் அது முறையே 200, 300 என்று ஏற வேண்டும். இன்னொரு புரோஜெஸ்டோஜனான டைட்ரோஜெஸ்ட்ரோன், நம் ஊரில் டுஃபாஸ்டன் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது, சுழற்சியில் 14 நாள் 10 மில்லிகிராம், தொடர் முறையில் 5 மில்லிகிராம்.

வேர்வை அடங்கவில்லை என்று ஜெல்லை ஒரு அழுத்து, பிறகு இன்னொரு அழுத்து என்று தாங்களாகவே கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ராத்திரி கேப்சூல் மட்டும் பழைய 100 மில்லிகிராமிலேயே நிற்கும். மூன்று நான்கு மாதத்தில் ரத்தம் பட ஆரம்பிக்கும். காரணம் மேஜையிலேயே இருக்கும். யாரும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பத்து மாத்திரை கேட்டால் கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள். பெயர் ஒரு பாதியில், மில்லிகிராம் இன்னொரு பாதியில், காலாவதி தேதி கடைக்காரரிடமே தங்கிவிடும். "அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லக்கா, இதுவும் அதேதான்" என்று 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் வந்துவிடுவதும் உண்டு. ஹார்மோன் மாத்திரையை முழு அட்டையாகவே வாங்குங்கள். இரண்டு நிற மாத்திரை உள்ள 28 நாள் அட்டையாக இருந்தால் அம்புக்குறி காட்டும் வரிசையிலேயே எடுக்க வேண்டும். நிறம் மாறி எடுத்தால் ரத்தமும் நாள் மாறித்தான் வரும்.

எடுக்கும் விதத்திலும் கோளாறு வரலாம். புரோஜெஸ்ட்ரோன் கேப்சூல் உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதிகமாகச் சேரும், வெறும் வயிற்றில் குறைவாகச் சேரும். ஒரு நாள் சாப்பிட்டவுடன், ஒரு நாள் டிவி பார்த்து முடித்து நடுராத்திரியில் என்று எடுத்தால் அளவு மேலும் கீழும் ஆடும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது என்று தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. தூக்கம் வருவதும் அப்போது தொந்தரவாகத் தெரியாது. சுழற்சி முறையில் இருப்பவர்கள் "மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து" என்று ஆங்கில மாதக் கணக்கில் வைத்துக்கொண்டால் மறக்காது.

ஜெல்லைக் குளித்துத் துவட்டிய காய்ந்த தோலில், மேல்கையின் வெளிப்பக்கத்திலோ தொடையின் உள்பக்கத்திலோ பரவலாகப் பூசி, காய்ந்த பிறகுதான் உடுத்த வேண்டும். தேய்த்து மசாஜ் செய்ய வேண்டாம். மேலே உடனே எண்ணெயோ கிரீமோ போடக்கூடாது. சென்னை மே மாதத்தில் வேர்த்துக் கொட்டும் தோலில் பூசினால் பாதி துணிக்குத்தான் போகும், பேட்சும் ஓரம் எழும்பிவிடும். ஒரு வாரம் சரியாகச் சேர்ந்து ஒரு வாரம் சேராமல் போனால், அந்த ஏற்ற இறக்கமே சவ்வை உதிர வைக்கும்.

வாந்தி பேதி நான்கு நாள் இருந்ததா? இரண்டு மூன்று மாத்திரை தொடர்ச்சியாக விட்டுப்போயிற்றா? காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசிபைன், ஃபெனிட்டாய்ன் எதுவும் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களா? இந்த மருந்துகள் கல்லீரலில் ஹார்மோனைச் சீக்கிரமே அழித்துவிடும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றையும் காலண்டரில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விற்கும் "இயற்கை புரோஜெஸ்ட்ரோன் கிரீம்" கர்ப்பப்பையைக் காக்காது. தோல் வழியாகப் போகும் அளவு உட்சவ்வுக்குப் போதாது. மிரேனா போன்ற, 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் (இதுவும் ஒரு புரோஜெஸ்டோஜன்) உள்ள சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்திருப்பவர்கள், கருத்தடைக்கு எத்தனை வருடம் செல்லும் என்று சொன்னார்களோ தெரியாது, ஹெச்.ஆர்.டி.க்கு ஐந்து வருடம்தான் கணக்கு. "அது உள்ளேதான் இருக்கு" என்பது பாதுகாப்பு ஆகாது.

பலருக்கும், ஏன் சில மருத்துவர்களுக்கும்கூடத் தெளிவாகாத ஒன்று: ஹெச்.ஆர்.டி.யில் ரத்தம் படுவதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சவ்வு தடித்துப்போவது. ஈஸ்ட்ரோஜன் கை ஓங்கி, சவ்வு வளர்ந்து, தாங்கமுடியாமல் அங்கங்கே உதிர்கிறது. இன்னொன்று சவ்வு மிகவும் மெலிந்துபோவது. தொடர்ந்து புரோஜெஸ்டோஜன் படுவதால் சவ்வு காகிதம்போல ஆகி, அதன் மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து, சுவர் மெலிந்து, எளிதில் கசிகின்றன. முதலாவதுக்குப் புரோஜெஸ்டோஜனைக் கூட்ட வேண்டும் அல்லது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் புரோஜெஸ்டோஜனைக் கூட்டிக்கொண்டே போனால் கசிவு நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கலாம். வெளியே தெரியும் கறை இரண்டிலும் ஒன்றுதான். ஸ்கேன் இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது.

யார் காத்திருக்கலாம், யார் கூடாது

2024இல் பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இப்போதைக்கு இதில் தெளிவாக இருப்பது அதுதான். ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள், அல்லது மருந்து மாற்றி மூன்று மாதத்துக்குள் கொஞ்சமாகப் பட்டு, வேறு ஆபத்துக் காரணம் ஏதும் இல்லையென்றால், பரிசோதித்துப் பார்த்துவிட்டு அளவை மாற்றிச் சரிசெய்ய அவகாசம் எடுக்கலாம். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, முதலிலிருந்தே அதிகமாகவோ விடாமலோ பட்டாலோ ஆறு வாரத்துக்குள் ஸ்கேன்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலே காத்திருக்காமல் புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பச் சொல்கிறது அந்த வழிகாட்டி: பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல். லிஞ்ச், கவுடன் போன்ற, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு. கர்ப்பப்பை இருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் வெறும் ஈஸ்ட்ரோஜன். 45 வயதுக்கு மேல் ஆரம்பித்துச் சுழற்சி முறையிலேயே ஐந்து வருடம் கடந்தது. புரோஜெஸ்டோஜனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும், அல்லது மாதத்தில் வேண்டிய நாட்களுக்குக் குறைவாக, ஒரு வருடமாக எடுத்தது. பி.எம்.ஐ. 30 முதல் 39, சர்க்கரை நோய், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, ஈஸ்ட்ரோஜனுக்குப் பொருந்தாத குறைந்த புரோஜெஸ்டோஜன் அளவு போன்ற சிறு காரணங்களில் மூன்று சேர்ந்தாலும் அதே அவசரம்.

இங்கே என் கருத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்த பி.எம்.ஐ. எண்கள் பிரிட்டனில் எழுதியவை. இந்தியர்களுக்கு 25ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். கொழுப்புத் திசு தானே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்யும், அதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. 28 பி.எம்.ஐ., பத்து வருட சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணை, அந்தப் பட்டியலில் மூன்று சேரவில்லை என்று ஆறு மாதம் காக்க வைப்பதற்கு நியாயம் இல்லை. ஸ்கேன் சீக்கிரம் எடுப்பதில் நஷ்டமும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, இரண்டு மூன்று மணி நேரமாக அப்படியே இருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே மருத்துவமனை.

பரிசோதனைக் கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிடும் பழக்கம் பெருகிவிட்டது. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் ஸ்கேனை நம்பிப் பயனில்லை. ஸ்பெக்குலம் என்ற விரித்துப் பார்க்கும் கருவியை வைத்து யோனியையும் கர்ப்பப்பை வாயையும் பார்க்க வேண்டும். வறண்டு மெலிந்த யோனித்தோல் உறவுக்குப் பிறகு கசியலாம். மாத்திரையாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் அங்கே போதாமல் போவதுண்டு. அதற்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீமை இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை உள்ளே வைத்தால் போதும், அதற்கென்று தனியாகப் புரோஜெஸ்டோஜன் தேவையில்லை. கர்ப்பப்பை வாயில் சிவப்பு மணிபோலத் தொங்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருக்கலாம். மூலத்திலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ வரும் ரத்தத்தை இங்கிருந்து வருவதாக நினைப்பதும் சகஜம். வெள்ளைத் துணியை மூன்று இடத்திலும் தனித்தனியாக ஒற்றிப் பார்த்தால் வீட்டிலேயே ஓரளவு தெரியும்.

நம் நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதிகம் என்பதால் அதையும் விடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து "நார்மல்" என்று சொல்லியிருந்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகு அந்தச் சோதனைக்கு நம்பகம் குறைவு. பார்க்க வேண்டிய இடம், இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைக் கோடே, வாய்க்கு உள்ளே ஏறிப்போயிருக்கும். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. சோதனை கேளுங்கள்.

ஸ்கேன் சென்டரில் "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு வெயிட் பண்ணுங்கம்மா" என்றால், வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். உட்சவ்வை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க அது போதாது. யோனி வழி ஸ்கேன் வேண்டும், டி.வி.எஸ். என்று கேட்டால் தெரியும். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். விரல் கனத்துக்குச் சற்றுக் கூடுதலான கருவி, பத்து நிமிட வேலை. சுழற்சி முறையில் இருப்பவர்கள், மாதாந்திர ரத்தம் நின்ற உடனே எடுப்பது சரி. அப்போதுதான் சவ்வு அதன் மெல்லிய நிலையில் இருக்கும். வேறு நாளில் எடுத்தால் தடிமன் கூடுதலாகக் காட்டி வீண் பயம் கிளப்பும்.

அறிக்கையில் "ஈ.டி." என்று ஒரு எண் இருக்கும், உட்சவ்வின் தடிமன் அது. தொடர் முறையில் 4 மில்லிமீட்டர் வரை, சுழற்சி முறையில் 7 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேலிருந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை, திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். எண்ணை மட்டும் பார்த்தும் விட்டுவிடக் கூடாது. "ஒழுங்கற்ற சவ்வு", "பாலிப்", "உள்ளே திரவம்", "சவ்வு தெளிவாகத் தெரியவில்லை" போன்ற வார்த்தை இருந்தால் 4க்குக் கீழே இருந்தாலும் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அந்த அடுத்த படி பைப்பெல் பயாப்ஸி, அதாவது திசு எடுத்துச் சோதிப்பது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள வளையும் பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியே செலுத்தி, உள்ளிருக்கும் தண்டை இழுத்தால் ஊசி மருந்தை உறிஞ்சுவதுபோலத் திசு ஏறும். மயக்க மருந்து இல்லாமல் வெளிநோயாளியாகவே செய்யலாம். அரை நிமிடம் மாதவிலக்கு வலிபோலக் கடுமையாகப் பிடித்து இழுக்கும். அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டு போனால் வலி குறையும். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம், மயக்கம் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அது உங்கள் உரிமை.

பைப்பெல் சவ்வின் ஒரு சிறு பகுதியைத்தான் எடுக்கும். ஒரு மூலையில் இருக்கும் பாலிப்பை அது தொடாமலே வந்துவிடலாம். கண்ணால் பார்க்காமல் சுரண்டும் பழைய டி அண்ட் சி.க்கும் இதே குறை உண்டு. அதனால் ஸ்கேனில் பாலிப் சந்தேகம் இருந்தாலோ, பயாப்ஸி நார்மல் என்று வந்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்ய வேண்டும். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, பாலிப்பை அங்கேயே எடுத்துவிடலாம். "டி அண்ட் சி பண்ணிடலாம்" என்று சொன்னால் "கேமரா வச்சுப் பார்த்துப் பண்ணுவீங்களா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

திசு அறிக்கையில் "அட்ராஃபிக்" என்றால் மெலிந்த சவ்வு. "ஹைப்பர்பிளேசியா, அட்டிபியா இல்லை" என்றால் அளவுமீறிய வளர்ச்சி, ஆனால் செல் மாறவில்லை. இருபது வருடத்தில் புற்றுநோயாக மாறுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஹார்மோன் முறையைத் திருத்தி, மிரேனாவோ புரோஜெஸ்டோஜன் மாத்திரையோ குறைந்தது ஆறு மாதம் கொடுத்து, மறுபடி பயாப்ஸி செய்து பார்ப்பார்கள். "அட்டிபியா" இருந்தால் கதை வேறு. பக்கத்திலேயே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதால், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதுதான் சரியான ஆலோசனை.

ஆனால் எந்த அறிக்கையும் வருவதற்கு முன்னாலேயே "வயசு ஆயிடுச்சு, இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்று சொல்வார்கள். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். இதை ஏற்காதீர்கள். புற்றுநோய் இல்லையென்றால் அது வேண்டாத ஆபரேஷன். இருந்தால் அது போதாத ஆபரேஷன். புற்றுநோய்க்கான அறுவையில் சினைப்பை, கருக்குழாய் எல்லாம் சேர்த்து எடுப்பதும் நிணநீர்க் கட்டிகளைப் பார்ப்பதும் உண்டு, அதைச் செய்யும் கையே வேறு. பயாப்ஸி முடிவு கையில் இல்லாமல் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் மனதை உறுத்துகிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நாள் தள்ளிப்போட வாங்கும் அந்த நார்எதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரை பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. நின்ற பிறகு பட்டதும் அதையே மூன்று வேளை போட்டுக்கொள்கிறார்கள். ரத்தம் நின்றுவிடும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வரும், மறுபடி மாத்திரை. அசோகப்பட்டைக் கஷாயமும் அப்படித்தான். கறை மறைந்ததே தவிரக் காரணம் அப்படியே இருக்கிறது. தடித்த சவ்வும் புற்றுநோயும்கூட நார்எதிஸ்டிரோனுக்குச் சில வாரம் அடங்கிக் கிடக்கும். மேலும் அதிக அளவில் அது உடம்பில் ஓரளவு எத்தினில் எஸ்ட்ரடயாலாக மாறும். ஐம்பது வயதுக்கு மேல், எடை கூடியவர்களுக்கு ரத்தக்கட்டு அபாயம் அதில் இருக்கிறது.

எல்லாம் பார்த்து நார்மல் என்று வந்தால், ஹெச்.ஆர்.டி.யை விட வேண்டியதில்லை. முறையைத் திருத்தினால் போதும். தடித்த பக்கம் என்றால் புரோஜெஸ்ட்ரோன் 100ஐ 200 ஆக்குவது, அல்லது ஈஸ்ட்ரோஜனை ஒரு படி இறக்குவது. கேப்சூல் குமட்டினால் அதையே யோனி வழியாக வைப்பதையும் டாக்டரிடம் கேட்கலாம். எதுவும் சரிவராதவர்களுக்கு மிரேனா பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. முதல் சில மாதம் அதிலும் கசியும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றம், பிறகு மூன்று மாதம் கவனிப்பு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் ஹார்மோன் எடுக்கையில் சில சமயம் படும். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் அங்கே ஒட்டியிருக்கும் உட்சவ்வு ஈஸ்ட்ரோஜனுக்கு உதிரலாம். அவர்களுக்கும் புரோஜெஸ்டோஜன் தேவைப்படும். அதனால் எந்த ஆபரேஷன் நடந்தது என்ற டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஒரு முறை நார்மல் என்று வந்த அறிக்கை அந்தத் தேதிக்குத்தான். நின்றிருந்த ரத்தம் ஆறேழு மாதம் கழித்து மறுபடி பட்டால் புதிதாகத்தான் பார்க்க வேண்டும், "போன வருஷமே பார்த்தாச்சு" என்பது செல்லாது. அப்போது வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் காகித அறிக்கை மட்டும் போதாது. பயாப்ஸி செய்த லேபில் கண்ணாடி ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டான பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது நிபுணர் பார்க்க விரும்புவது அதைத்தான். மே மாதத்தில் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், மெழுகு இளகிவிடலாம்.